யாரோடு யாரைக் குடிவைப்பது?

இலக்கியம் பேசும் இடத்தில் மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கடல்நீர்த் தொட்டி என்னும் வழக்கம் வீடுகளுக்குள் நுழைந்ததே புத்தகங்களின் வழியாகத்தான் என்பதை அவர்களுக்கு முதலில் நினைவூட்டிவிடலாம். 1853-இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்களுக்கென்று ஒரு கட்டடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' என்ற நூலை வெளியிட்டார். அதைப் படித்த ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்தார் வாளியும் உளியுமாகக் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். பாறைக் குட்டைகளில் இருந்த கடற்சாமந்திகளையும் நண்டுகளையும் சிறு மீன்களையும் எடுத்துவந்து வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிகளில் நிரப்பினார்கள். 1907-இல் காஸின் மகன் எட்மண்ட் காஸ், 'ஃபாதர் அண்ட் சன்' என்ற தம் நினைவுநூலில், சிறுவயதில் தாம் கண்ட அந்தக் குட்டைகள் சேகரிப்பாளர்களின் கையால் சூறையாடப்பட்டுவிட்டதைத் துயரத்தோடு பதிவு செய்தார். அந்த அழிவுக்குத் தம் தந்தையின் நூல்களே வழிகாட்டின என்பதையும், அதைக் கண்டு தந்தை பெரிதும் வருந்தினார் என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

கடலை உண்மையாகவே நேசித்த ஒருவரின் எழுத்து அக்கடற்கரையின் அழிவுக்குக் காரணமாயிற்று. பவளத் தொட்டி பற்றி இன்று யார் எழுதினாலும் இந்த நினைவோடுதான் எழுதவேண்டும் என்பது நம் எண்ணம். எந்த மீனோடு எந்த மீன் ஒத்துவாழும் என்பதைத் தொழில்நுட்பக் கேள்வியாகவே பலரும் பார்க்கிறார்கள். நாம் அதை அறம் சார்ந்த கேள்வியாகவும் பார்க்கிறோம். ஏனெனில் கடலில் தோற்ற மீனுக்கு ஓட இடமிருக்கிறது. தொட்டியில் தோற்ற மீனுக்கு இல்லை. அதை அங்கே கொண்டுவந்து விட்டவர் நாமே.

இத்துறையில் நுழைகிறவர் கையில் முதலில் கிடைப்பது ஓர் அட்டவணை. மேலே ஒரு வரிசையில் மீன்களின் பெயர்கள், பக்கவாட்டில் அதே பெயர்கள், சந்திக்கும் கட்டங்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. பத்தில் எட்டு பொருந்தி நடந்த திருமணங்கள் முறிந்திருக்கின்றன, ஜாதகமே பாராமல் கூடியவர்கள் நிறைவாக வாழ்ந்திருக்கிறார்கள். அட்டவணை முழுப் பொய் என்று நாம் சொல்லவில்லை. சிவப்புக் கட்டம் பெரும்பாலும் உண்மையே பேசுகிறது. பச்சைக் கட்டத்தைத்தான் அப்படியே நம்பலாகாது. பொருத்தம் என்பது இரண்டு இனங்களின் பெயர்களுக்கு இடையே மட்டும் உள்ள உறவன்று. இடம், உணவு, வயது, வந்து சேர்ந்த வரிசை ஆகிய அனைத்தும் கூடித்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

எளிதான கணக்கிலிருந்து தொடங்குவோம். வாய்க்குள் அடங்குவது உணவு என்பது பவளத்திட்டின் முதல் விதி. களவா மீனின் குஞ்சு கடையில் அடக்கமாகத்தான் நிற்கும், சிங்க மீன் அசையாமல் மிதக்கும். இரண்டுமே சண்டைக்காரர்கள் அல்லர். ஆயினும் தம் வாய்க்குப் பொருந்தும் எந்த மீனும் மறுநாள் காலையில் காணாமல் போகும். அஞ்சாலையும் அப்படியே. கிளாத்தி வகைகளில் பெரும்பாலானவை நண்டு, நத்தை, இறால் ஆகியவற்றை உடைத்துத் தின்பதற்கென்றே அமைந்த பற்களும் தாடையும் கொண்டவை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவள உயிரிகளையே மேய்ந்து வாழ்பவை. சில இனங்கள் வேறெதையும் உண்ணா. பவளத்தையும் அவற்றையும் ஒரே தொட்டியில் வைப்பது சோளக் கொல்லைக்குள் மாட்டை அவிழ்த்துவிட்டு மேயாதே என்று சொல்வதற்கு ஒப்பாகும். இதில் மீனின் குற்றம் ஏதுமில்லை. அதன் இயல்பை அறியாமல் வாங்கியவரே கணக்குச் சொல்லவேண்டும்.

அடுத்தது இடம் பற்றிய கணக்கு. இது வாய்க்கணக்கைவிட நுட்பமானது. விலங்கு நடத்தையியலின் முன்னோடிகளில் ஒருவரும் 1973-இல் நோபல் பரிசு பெற்றவருமான கான்ராட் லோரன்ஸ், ஆக்கிரமிப்பு உணர்வைப் பற்றி 1963-இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலைப் பவளத்திட்டு மீன்களிலிருந்துதான் தொடங்குகிறார். ஃபுளோரிடாவின் கடலில் மூழ்கிப் பார்த்ததையும் தம் தொட்டிகளில் கண்டதையும் வைத்து அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். சுவரொட்டிபோல் பளிச்சிடும் நிறங்கொண்ட மீன்கள் பிற இனங்களைப் பொறுத்துக்கொள்கின்றன, தம் இனத்தைத்தான் தாக்குகின்றன என்பது அக்கருத்து. ஒரே உணவையும் ஒரே பொந்தையும் நாடுகிறவர் தம்மைப் போன்றவரே, ஆதலால் பகையும் அவரோடுதான் என்பது அவர் சொன்ன காரணம். பின்வந்த ஆய்வுகள் இச்சித்திரத்தைத் திருத்தின. பாசித் தோட்டம் காக்கும் டேம்சல் மீன்கள் தம் இனத்தாரை மட்டுமல்லாமல் பாசி மேயவரும் எந்த இனத்தாரையும் விரட்டுகின்றன. ஆயினும் தொட்டி வைத்திருப்பவருக்கு லோரன்ஸின் கருத்து இன்றும் நல்ல வழிகாட்டியே. உருவம், நிறம், உணவு, உறைவிடம் ஆகிய நான்கில் இரண்டு ஒத்துப்போனாலே அங்கே பகை முளைக்கக்கூடும்.

இதற்கு நாம் அடிக்கடி சுட்டும் உதாரணம் ஒன்றுண்டு. கரீபியன் கடலில் ராயல் கிராம்மா என்றொரு சிறிய மீன் இருக்கிறது. முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். மேற்குப் பசிபிக்கில் ராயல் டாட்டிபேக் என்றொரு மீன். அதுவும் முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். இரண்டும் பொந்துகளில் வாழ்பவை. இவற்றுக்கு நடுவே ஒரு கண்டமே கிடக்கிறது, இயற்கையில் இவை ஒன்றையொன்று சந்திக்க வழியே இல்லை. கடையில் இவை பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் இருக்கும். இரண்டும் ஒரே சாயலாக இருப்பதால் ஜோடி என்று நினைத்து வாங்கிப்போகிறவரும் உண்டு. சிறிய தொட்டிக்குள் சேர்த்துவிட்டால் இரண்டில் ஒன்று மூலையில் ஒதுங்கிச் செதில் கிழிந்து நிற்கும். பெரும்பாலும் அது கிராம்மாதான், ஏனெனில் டாட்டிபேக் இயல்பிலேயே மூர்க்கமானது. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் வாழ்ந்த இரண்டு உயிர்களை ஒன்றுக்கொன்று எதிரியாக்கியது நம் ரசனை மட்டுமே.

சிறிய உருவம் சாதுவான குணத்துக்கு அடையாளம் என்று எண்ணுவதும் தவறு. சிக்ஸ்லைன் ராஸ் என்ற மீன் ஒரு விரல் நீளத்துக்கு மேல் வளராது. தொட்டியில் அது நிலைபெற்ற பின்னர் புதிதாக வந்துசேரும் மீனை ஓயாமல் துரத்தியே கொன்றுவிடுவது இத்துறையில் பழகியவர்கள் அறிந்த செய்தி. டேம்சல் மீன்களும் அவ்வாறே. விலை குறைவு, எளிதில் சாகாது என்பதால் ஒருகாலத்தில் புதுத் தொட்டியின் நீரைப் பக்குவப்படுத்த அவற்றையே முதலில் விட்டார்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் பெருகச் சில வாரங்களாகும். அத்தனை நாளும் அம்மோனியாவில் வெந்துகொண்டிருப்பதே அந்த மீன்களின் வேலை. பிழைத்த மீன் தொட்டி முழுவதையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்திருக்கும். அதன்பின் வருகிற ஒவ்வொரு மீனும் அதனிடம் உதை வாங்கவேண்டும். மீனே இல்லாமல் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அதே பாக்டீரியாக்களை வளர்க்கலாம் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தபின்னும் டேம்சலை விடுவது கொடுமை, அதோடு முட்டாள்தனமும்கூட.

குடும்ப அமைப்பை அறியாமல் மீன் வாங்குவதிலும் இதே சிக்கல் உண்டு. கோமாளி மீன்கள் அனைத்தும் ஆணாகவே பிறக்கின்றன. ஒரு கடற்சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அதற்கடுத்தது அதன் இணை, எஞ்சியவை காத்திருக்கும் இளையவை. பெண் இறந்தால் இணையான ஆண் பெண்ணாக மாறும். (2003-இல் வெளியான 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் தந்தை மீன், உயிரியலின்படி பார்த்தால், தாயாகியிருக்கவேண்டும். அந்தக் கதையையும் யாராவது எழுதலாம்.) ஆகவே இளம் மீன்கள் இரண்டை, சற்றே அளவு வேறுபட்டவையாகப் பார்த்து வாங்கினால் அவை தாமே இணையாகிவிடும். நன்கு வளர்ந்த பெண் மீன்கள் இரண்டைச் சேர்த்தால் ஒன்றுதான் மிஞ்சும். பாங்காய் கார்டினல் மீன்களும் இப்படியே. கடையில் ஐந்தாறு மீன்கள் கூட்டமாக அமைதியாக நிற்கும். வீட்டுக்கு வந்தபின் இரண்டு இணைசேரும், மற்றவை ஒவ்வொன்றாக மறையும். அட்டவணையில் இவற்றுக்கும் பச்சைக் கட்டம்தான்.

வாயையும் இடத்தையும் பற்றி ஓரளவுக்காவது பேசப்படுகிறது. வயிற்றைப் பற்றித்தான் பேச்சே இல்லை. கடிக்காமலும் துரத்தாமலும் ஒரு மீன் இன்னொரு மீனைக் கொல்லமுடியும், அதன் பங்கு உணவைத் தின்று தீர்த்தால் போதும். கடற்குதிரை மெல்ல நகர்ந்து, நின்று, குறிபார்த்து உறிஞ்சி உண்பது. ராஸ்களோ டேம்சல்களோ இருக்கும் தொட்டியில் அது குறிபார்த்து முடிப்பதற்குள் பந்தி முடிந்துவிடும். மாண்டரின் மீனின் கதை இன்னும் துயரமானது. பட்டுத்துணியில் பின்னிய பூவேலைபோல் நீலமும் ஆரஞ்சும் பச்சையும் கலந்த அந்த மீனைப் பார்த்தவர் விட்டுவிட்டு வருவது கடினம். பாறைகளில் ஊரும் கண்ணுக்கே புலப்படாத கோபிபாடுகளை நாள் முழுவதும் பொறுக்கித் தின்று வாழ்வது அது. புதிதாக வைத்த சிறு தொட்டியில் அந்த உணவு சில வாரங்களில் தீர்ந்துவிடும். பிறகு மீன் அதே அழகோடு நடமாடிக்கொண்டே மெலியும். தொட்டியில் அதற்கு எதிரி என்று யாருமில்லை. பசிதான் அதைக் கொல்கிறது.

இன்னொன்று, துப்புரவு ராஸ். பவளத்திட்டில் இதற்கென்று ஒரு நிலையம் உண்டு. பெரிய மீன்கள் அங்கே வந்து வரிசையில் நின்று வாயையும் செவுளையும் திறந்துகொடுக்க, இது ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். இதன் உருவத்தைப் போலவே வேடமிட்டு அருகே வந்து சதையைக் கடித்துக்கொண்டு ஓடும் போலி மீன் ஒன்றும் கடலில் உண்டு, அந்த அளவுக்கு இதன் தொழில் மதிப்புப் பெற்றது. 2019-இல் மசனோரி கோடாவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், இம்மீன்கள் கண்ணாடியில் தம் உடலில் உள்ள அடையாளத்தைக் கண்டு அதைத் தேய்த்து நீக்க முயன்றன என்று அறிவித்தார்கள். அது தன்னுணர்வுதானா என்ற விவாதம் முடியவில்லை. அது எப்படியாயினும், நாளெல்லாம் வாடிக்கையாளர் வந்துபோகும் கடைவீதியில் தொழில் செய்துவந்த ஒன்றை, ஆறே மீன்கள் இருக்கும் தொட்டிக்குள் கொண்டுவந்து விடுவது அதைப் பட்டினி போடுவதே. மற்ற மீன்களுக்கும் நிம்மதி இராது. ஒட்டுண்ணி இல்லாத உடலை ஓயாமல் கொத்திக்கொண்டிருக்கும். துப்புரவுத் தொழில் வேண்டுமென்றால் பண்ணையில் பிறந்து வளரும் நியான் கோபி இருக்கிறது. மற்ற உணவையும் அது தயங்காமல் உண்ணும்.

மீன்களை வேலையாட்களாகப் பார்க்கும் மனோபாவத்தையும் இங்கே கண்டிக்கவேண்டும். ஐப்டேசியா என்ற களைச்சாமந்தி பெருகிவிட்டதா, தின்பதற்கு ஒரு காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனை வாங்கு. பாசி மண்டிவிட்டதா, மேய்வதற்கு ஒரு டாங்கை வாங்கு. இப்படியே யோசனைகள் வருகின்றன. களை தீர்ந்தபின் அந்த மீன் எதைத் தின்னும், பாசி குறைந்தபின் அது எங்கே நீந்தும் என்ற கேள்விகள் மட்டும் வருவதில்லை. காப்பர்பேண்ட் உணவு விஷயத்தில் மிகுந்த பிகு செய்யும் மீன். பலநேரங்களில் தொட்டி உணவைத் தொடாமலே செத்துப்போகும். கூலிக்கு ஆள் பிடிப்பதுபோல் உயிரைப் பிடிப்பது சரியன்று. வேலை முடிந்தாலும் அது நம்மோடு பல ஆண்டுகள் வாழவேண்டிய உயிர்.

பல ஆண்டுகள் என்றோம். நான்காவது கணக்கு அதுவே. நீல டாங், 'ஃபைண்டிங் டோரி' படத்தின் நாயகி, கடையில் இரண்டு விரற்கடை அளவில் கிடைக்கும். வளர்ந்தால் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். நாளெல்லாம் நீந்தி அலையும் இயல்பினது. நான்கடித் தொட்டியில் அது திரும்பித் திரும்பி நடக்கும் சிறைக்கைதிதான். "பெரிதானதும் பெரிய தொட்டி வாங்கிவிடுவோம்" என்று சொல்பவரின் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் மீனின் வளர்ச்சிக்குத் தவணை கிடையாது, சம்பள உயர்வுக்கு உண்டு. இந்தப் படங்களால்தான் கோமாளி மீனும் நீல டாங்கும் பெருமளவில் பிடிக்கப்பட்டன என்று பலரும் சொல்வது வழக்கம். 'ஃபைண்டிங் டோரி' குறித்து 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, படத்துக்குப் பின் இறக்குமதி கூடியதற்குச் சான்று காணவில்லை. படத்தின்மேல் பழிபோட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை என்றே இதை நாம் வாசிக்கிறோம். வாங்குவது நம் கை.

ஐந்தாவது, வரிசை. ஒரே மீன்கள், ஒரே தொட்டி. சாதுவானதை முதலில் விட்டு, மூர்க்கமானதைக் கடைசியில் விட்டால் ஒரு கதை. வரிசையை மாற்றினால் வேறு கதை. முதலில் வந்தவர் நிலத்துக்கு உரிமை கொண்டாடுவார். இது மனிதர்களுக்கும் பழகிய நியாயம்தான். ஆகவே கோபிகள், ஃபயர்ஃபிஷ், கார்டினல் போன்றவற்றுக்குப் பொந்து தேடிக்கொள்ள அவகாசம் தரவேண்டும். டாங், டாட்டிபேக், ராஸ் போன்றவை பின்னர் வரட்டும். புதியவரை முதல் சில நாட்கள் துளையிட்ட ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மற்றவர்கள் பார்த்துப் பழகவிடுவது நல்ல முறை. ஃபயர்ஃபிஷ் துரத்தப்பட்டால் தொட்டிக்கு வெளியே குதித்துவிடும், மேலே வலை போடாமல் அதை வைத்திருக்கக்கூடாது.

வரிசையோடு சேர்த்துச் சொல்லவேண்டியது தனிமைப்படுத்தல். கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி மீனின் மேல் வெண்புள்ளிகளாகத் தோன்றும், பிறகு உதிர்ந்து பாறையிலும் மணலிலும் உறையிட்டுக் கிடக்கும், மீண்டும் மீனைத் தேடிவரும். அதைக் கொல்லும் தாமிர மருந்து பவளத்தையும் இறாலையும் நத்தையையும் சேர்த்தே கொல்லும். எனவே பவளத் தொட்டிக்குள் நோய் புகுந்தபின் வைத்தியம் செய்ய வழியில்லை. மீன்கள் எல்லாவற்றையும் பிடித்து வெளியேற்றிவிட்டு இரண்டரை மாதம் தொட்டியை மீனில்லாமல் போடவேண்டும். புதிய மீனைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதைச் சலிப்பாகக் கருதுகிறவர் இந்த இரண்டரை மாதத்தை நினைத்துப் பார்க்கட்டும். புதிதாக வரும் ஒருவரோடு பழையவர்கள் ஒத்துவாழ்வார்களா என்று கேட்பதற்கு முன், அவர் கொண்டுவரும் நோயோடு ஒத்துவாழ்வார்களா என்று கேட்கவேண்டும்.

இத்தனை கணக்கையும் போட்டபின் மிஞ்சுவது என்ன? ஓர் உதாரணம் பார்ப்போம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர் கொள்ளும். பாறையும் மணலும் போக உண்மையில் நிற்கும் நீர் 200 லிட்டர் அளவுதான். உப்பு லிட்டருக்கு 35 கிராம், வெப்பம் 24 முதல் 27 பாகை வரை, இவை நிலையாக இருக்கவேண்டும். இதில் ஓர் இணை கோமாளி மீன், ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி, ஒரு ராயல் கிராம்மா, ஒரு சிறிய பிளென்னி, ஓர் இணை பாங்காய் கார்டினல் என்று ஏழோடு நிறுத்திக்கொள்ளலாம். கோமாளிக்குக் கடற்சாமந்தி இல்லாமலே வாழமுடியும். புதுத் தொட்டியில் கடற்சாமந்தி பிழைப்பது அரிது, ஆகவே அது வேண்டாம். கோபியோடு துப்பாக்கி இறால் ஒன்றை விடலாம். பார்வை மங்கிய இறால் வளை தோண்டும், கண் கூர்மையான கோபி வாசலில் காவல் நிற்கும், இறால் தன் மீசையால் கோபியைத் தொட்டபடியே வெளியே வரும், ஆபத்தென்றால் கோபி வாலை அசைக்கும், இருவரும் உள்ளே போய்விடுவார்கள். மேல்நீரில் ஒருவர், நடுநீரில் ஒருவர், பொந்தில் ஒருவர், மணலில் ஒருவர் என்று இவர்களுக்குள் இடம் பங்கிடப்பட்டுவிடுகிறது. ஒருவர் உணவை இன்னொருவர் பறிக்கமாட்டார். "ஏழுதானா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஏழும் பல ஆண்டுகள் வாழ்ந்தால் அது குறைவன்று. கோமாளி மீன் தொட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது.

அந்தப் பட்டியலில் பாங்காய் கார்டினலைச் சேர்த்தது காரணத்தோடுதான். இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சுற்றி மட்டும் இயற்கையாக வாழும் மீன் அது. ஆண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைதூரம் பரவுவதில்லை, பிறந்த இடத்தருகிலேயே வாழும். ஓரிடத்தில் வலைபோட்டு வாரிவிட்டால் அங்கே மீண்டும் குடியேற வேறிடத்திலிருந்து வருவாரில்லை. 2007-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. தொட்டி வணிகமே இதற்கு முதன்மையான காரணம். ஆனால் அந்த மீன் பண்ணையில் எளிதாக இனப்பெருக்கம் செய்யக்கூடியது. ஆகவே பண்ணையில் பிறந்த பாங்காயை வாங்குவதும் கடலில் பிடித்த பாங்காயை வாங்குவதும் ஒரே செயலன்று. "இது எங்கே பிறந்தது?" என்று கேட்காமல் எந்த மீனையும் வாங்கக்கூடாது என்பது நம் உறுதியான கருத்து. பொருத்தம் என்ற சொல்லுக்குள் இந்தக் கேள்வியும் அடங்கவேண்டும். தொட்டிக்குப் பொருந்தி, கடலுக்குப் பொருந்தாத மீன் நமக்கு வேண்டியதில்லை.

நன்னீர் வளர்ப்பு மீன்களில் பெரும்பகுதி பண்ணையில் பிறப்பது. கடல் மீன்களில் பெரும்பாலான இனங்கள் இன்றும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. அவற்றின் குஞ்சுகள் மிகச் சிறியவை, மிதவை உயிர்களையன்றி வேறெதையும் உண்ணாதவை, ஆதலால் வளர்ப்பது கடினம். சில நாடுகளில் மீனை மயக்கிப் பிடிக்கப் பவளத்தின்மீது சயனைடு கரைசலைப் பீய்ச்சும் வழக்கமும் இருந்துவந்திருக்கிறது. ஒரு மீன் பிடிபடும், அதைச் சுற்றிய பவளம் சாகும். ஆயினும் நிலைமை மாறிவருகிறது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மார்ட்டின் மோ கோமாளி மீன்களை வணிக அளவில் வளர்த்துக்காட்டினார். மஞ்சள் டாங்கை 2015-இல் ஹவாயிலும், நீல டாங்கை 2016-இல் ஃபுளோரிடாவிலும் முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். நம் நாட்டில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் குஞ்சுபொரிப்பில் வெற்றி கண்டிருக்கின்றன. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தையும் கடற்குதிரைகளையும் 2001-இல் இந்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு பவளக் கிளையை முறித்து வருவது புலியை வேட்டையாடுவதோடு ஒத்த வரிசையில் வைக்கப்பட்ட குற்றம் என்பதைத் தொட்டி ஆர்வலர் எவரும் மறந்துவிடலாகாது.

"இவ்வளவு சிரமம் எதற்கு? மீனைக் கடலிலேயே விட்டுவிடலாமே?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நம்மிடம் முழுமையான பதில் இல்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: கோபியும் இறாலும் வாசலில் நிற்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்தவருக்குக் கடல் என்பது வெறும் நீலப்பரப்பாகத் தோன்றாது. அது வீடுகளும் வாசல்களும் அண்டை அயலாரும் நிறைந்த ஊராகத் தெரியும். அந்த ஊர் சூடேறி வெளுத்துப்போவதைப் படிக்கும்போது அவருக்கு வலிக்கும். ஆனால் இந்தப் பயன், தொட்டியில் இருப்பவை உண்மையில் வாழ்ந்தால் மட்டுமே கிடைக்கும். மாதம் ஒருமுறை செத்ததை எடுத்துவிட்டுப் புதியதை விடுகிறவரின் தொட்டி எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும், அவர் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: உயிர் மலிவானது என்பது.

ஆகவே மீன் தேர்வில் தேர்ச்சி என்பது எதையெல்லாம் வாங்குவது என்பதைவிட எதையெல்லாம் வாங்காமல் விடுவது என்பதிலேயே இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். மாண்டரினைப் பார்த்து, வியந்து, விட்டுவிட்டு வரத் தெரியவேண்டும். நீல டாங்கை வாங்கித்தரச் சொல்லும் குழந்தைக்கு ஏன் கூடாது என்று உட்கார்ந்து விளக்கத் தெரியவேண்டும். காஸின் வாசகர்களுக்கு அந்தக் கல்வி கிடைக்கவில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லவுமில்லை. நமக்கு எல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது. தெரியாது என்று சொல்லும் உரிமை நமக்கு இனி இல்லை.